எட்டுப் புள்ளி வாங்கிய சிகரெட் அட்டை



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு காகித அட்டை. அகலம் மூன்றரை சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, உயரம் ஆறரை சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. முன்பக்கம் ஒரு விளையாட்டு வீரரின் படம். பின்பக்கம் சிகரெட் விளம்பரம். நூறு வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவில் சிகரெட் பக்கெட்டுக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்த சாமான் அது. 2022 ஓகஸ்ட் மாதம் அப்படியான ஓர் அட்டை 72 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் கைமாறியது.

காகிதமும் மையும் என்று பார்த்தால் அதற்கு ஒரு சதமும் பெறாது. அப்படியென்றால் அந்த விலையை யார் வைத்தார்கள்? எதைப் பார்த்து வைத்தார்கள்? வைத்தவர் பிழையாக வைத்திருந்தால் என்ன நடக்கும்? பழைய நாணயம் இருந்தால் தாருங்கள், பழைய முத்திரை இருந்தால் தாருங்கள், இலட்சக்கணக்கில் தருகிறோம் என்று வட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகிற காலம் இது. இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்திருப்பது நமக்கு நல்லது. அமெரிக்காவின் பேஸ்போல் அட்டைகளின் வரலாற்றில் அந்த விடை இருக்கிறது.

*சிகரெட் பக்கெட்டுக்குள் படம் வந்த கதை*

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அமெரிக்கர்களுக்குப் பேஸ்போல் அப்படி. 1880களில் அங்கே சிகரெட் மெல்லிய காகிதப் பக்கெட்டுகளில் விற்கப்பட்டது. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். அதைத் தடுக்க உள்ளே ஒரு தடித்த அட்டையை வைத்தார்கள். வெறும் அட்டையாக ஏன் வைக்க வேண்டும், அதில் படம் போட்டால் என்ன என்று கம்பனிக்காரர்கள் யோசித்தார்கள். நடிகைகள், பறவைகள், நாட்டுக் கொடிகள், குத்துச்சண்டை வீரர்கள் என்று தொடர் தொடராகப் படங்கள் வந்தன. வேர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரின் அலன் அன்ட் ஜின்ரர் கம்பனி 1887 இல் உலகச் சாம்பியன்கள் என்று 50 அட்டைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. அதில் பத்துப் பேர் பேஸ்போல் வீரர்கள்.

இதற்குப் பின்னால் இருந்தது தாராள மனம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜேம்ஸ் பொன்சாக் என்பவர் 1881 இல் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கையால் சுற்றிய சிகரெட்டை அந்த இயந்திரம் ஒரு நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேலாகச் சுற்றித் தள்ளியது. உற்பத்தி குவிந்தது. குடிக்க ஆள் வேண்டும். ஒரு தொடரில் 50 படம் இருந்தால், ஐம்பதும் சேரும்வரை அதே கம்பனியின் சிகரெட்டைத்தானே வாங்குவார்கள்! படம் சேர்க்கும் ஆசை பெரியவர்களை விடச் சிறுவர்களுக்கே அதிகம். கடை வாசலில் நின்று, சிகரெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அட்டையைக் கேட்டு வாங்குவது அந்தக் காலத்துப் பையன்களின் வழக்கமாகவே ஆகிப்போனது.

1890 இல் ஜேம்ஸ் பியூக்கனன் டியூக் என்ற புகையிலை முதலாளி ஐந்து பெரிய கம்பனிகளை ஒன்றாக்கி அமெரிக்கன் டொபாக்கோ கம்பனியை உருவாக்கினார். போட்டி போய்விட்டது. போட்டி போனதும் இலவசப் படத்துக்கும் அவ்வளவு தேவை இருக்கவில்லை. சில வருடங்களில் அட்டைகள் குறைந்து மறைந்தன. பின்னர் 1909 இல் அதே கம்பனி மீண்டும் பேஸ்போல் அட்டைகளை இறக்கியது. 1911 வரை வந்த அந்தப் பெரிய தொடரைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று டீ-206 என்கிறார்கள். வழக்கமான கணக்கின்படி 524 அட்டைகள். பின்பக்கத்தில் பீட்மண்ட், ஸ்வீட் கப்போரல், சொவரின், போலர் பெயார் என்று 16 புகையிலை வகைகளின் விளம்பரங்கள். 1911 மே மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தக் கம்பனியை ஏகபோகம் என்று கண்டு உடைக்கச் சொன்னது.

*வேண்டாம் என்று சொன்ன வீரர்*

அந்த 524 இல் ஒருவர் ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் அணியின் நட்சத்திரம். துடுப்பாட்டத்தில் எட்டு முறை தனது லீக்கின் முதலிடம் பிடித்தவர். 1936 இல் பேஸ்போல் புகழ் மண்டபம் தொடங்கியபோது முதலில் தெரிவான ஐந்து பேரில் ஒருவர்.

அவருடைய அட்டையை அச்சடிக்கத் தொடங்கிய கம்பனி இடையில் நிறுத்திக்கொண்டது. காரணம் வாக்னர் சம்மதிக்காததுதான். 1912 இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையில் வந்த செய்தியின்படி, அவருடைய அனுமதியை வாங்கித் தரும்படி பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஒருவரிடம் கம்பனி கேட்டிருந்தது. அதற்கு அவருக்குப் பத்து டொலர் கூலி. தன் படம் சிகரெட்டோடு போவதை விரும்பவில்லை என்று வாக்னர் பதில் எழுதினார். அந்த மனிதரின் கூலி தன்னால் இல்லாமல் போகக்கூடாது என்று பத்து டொலருக்குக் காசோலையும் சேர்த்து அனுப்பினார்.

சிறுவர்கள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது பலர் சொல்லும் விளக்கம். வாக்னர் தானே புகையிலை மெல்லுகிறவர், முன்னர் சுருட்டு விளம்பரத்தில் அவர் பெயர் வந்திருக்கிறது, ஆகவே பணம் தராததுதான் காரணம் என்று மறுப்பவர்களும் உண்டு. எது எப்படியோ, அந்த ஒரு மறுப்பு அவருடைய அட்டையை அபூர்வமாக்கியது. இன்று உலகில் இருப்பவை ஐம்பது அறுபது அளவில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். புகையிலைக்குத் துணை போக மறுத்த அட்டையே புகையிலை அட்டைகளில் விலை கூடியதாகிப்போனது.

*பெயர் வைத்த மனிதர்*

டீ-206 என்ற பெயர் கம்பனி வைத்ததல்ல. ஜெபர்சன் பர்டிக் என்ற மனிதர் வைத்தது. நியூயோர்க் மாநிலத்து சிராக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். மூட்டுவாதத்தால் வேதனைப்பட்டவர். அமெரிக்காவில் அச்சான இந்தச் சின்னச் சின்ன அட்டைகளை எல்லாம் சேர்த்து, வகை பிரித்து, இலக்கம் போட்டு ஒரு பட்டியல் நூலாக்கினார். 19 ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ‘என்’ என்ற எழுத்து. 20 ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ‘டீ’. இன்றைக்கும் முழுச் சந்தையும் அவர் போட்ட இலக்கத்தில்தான் பேசுகிறது. 1930களிலேயே வாக்னர் அட்டைக்கு 50 டொலர் என்று அவர் மதிப்பிட்டார். மற்ற அட்டைகள் சில சதங்களுக்குக் கைமாறிய காலம் அது.

தன்னிடம் இருந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் அவர் யாருக்கும் விற்கவில்லை. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். வளைந்துபோன விரல்களோடு அங்கே உட்கார்ந்து, அவற்றைத் தானே அல்பங்களில் ஒட்டி ஒழுங்குபடுத்தினார். 1963 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது. அதன் பிறகு இரண்டு மாதங்கள்தான் உயிரோடு இருந்தார்.

இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலைக்காக அல்லாமல், அறிவதற்காகத் தரம் பிரித்தவர் அவர்.

*புள்ளி எப்படிப் போடுகிறார்கள்?*

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். ஓர் அட்டையின் விலையைப் பெரும்பாலும் நான்கு கேள்விகள் தீர்மானிக்கின்றன. யாருடைய படம்? எத்தனை மிஞ்சியிருக்கிறது? பின்பக்கம் என்ன விளம்பரம்? என்ன நிலையில் இருக்கிறது?

பின்பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். பீட்மண்ட் விளம்பரம் கொண்டவை ஏராளம். டிரம், யூசிட் போன்ற விளம்பரம் கொண்டவை மிகக் குறைவு. ஆகவே ஒரே வீரர், ஒரே படம், பின்பக்கம் மட்டும் வேறு என்றால் விலை பல மடங்கு வேறுபடும். டை கொப் என்ற புகழ்பெற்ற வீரரின் பெயரிலேயே ஒரு புகையிலை விளம்பரம் இருந்தது. அது பின்பக்கம் உள்ள அவரது அட்டைகள் பதினைந்து அளவில்தான் அறியப்பட்டிருந்தன. 2016 இல் ஒரு குடும்பம் காலமான முப்பாட்டன் வீட்டைத் துப்புரவு செய்தபோது, கசங்கிய காகிதப் பையொன்றில் அப்படியான ஏழு அட்டைகள் இருந்தன. பையைக் குப்பையில் போடாமல் திறந்து பார்த்ததால் தப்பியது.

நிலையைச் சோதிப்பது தனிக் கலை. நான்கு இடங்களைப் பார்க்கிறார்கள். மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா, தேய்ந்து உருண்டிருக்கின்றனவா? ஓரங்கள் நேராக இருக்கின்றனவா? மேற்பரப்பில் மடிப்பு, கறை, பசை ஒட்டிய அடையாளம் உண்டா? படம் நடுவில் இருக்கிறதா, வெள்ளை ஓரம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கிறதா? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் சின்னச் சுருக்கத்துக்கும் புள்ளி குறையும்.

போலியா அசலா என்பதற்கு வேறு சோதனைகள். அசல் டீ-206 கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறமாக அச்சடித்தது. பின்னாளைய நகலைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், பத்திரிகைப் படத்தில் தெரிவது போல ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். பணத்தாள் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருக்கிற கழியூதா விளக்கும் உதவும். பிற்காலக் காகிதங்களில் வெண்மைக்காக இரசாயனம் சேர்க்கிறார்கள். விளக்கின் கீழ் அது நீலமாகப் பளிச்சிடும். 1909 ஆம் ஆண்டுக் காகிதத்தில் அந்த இரசாயனம் இல்லை. பளிச்சிட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

1991 இல் பீ.எஸ்.ஏ. என்ற நிறுவனம் தொடங்கியது. அட்டையை அனுப்பினால் சோதித்து, ஒன்று முதல் பத்து வரை புள்ளி போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, இலக்கத்தோடு திருப்பி அனுப்புவார்கள். பின்னர் எஸ்.ஜீ.சீ. போன்ற வேறு நிறுவனங்களும் வந்தன. சாதாரண வீரரின் தேய்ந்த டீ-206 அட்டையைச் சில பத்து டொலர்களுக்கு வாங்கலாம். அதே அட்டை ஏழு, எட்டுப் புள்ளி வாங்கினால் விலை எங்கேயோ போய்விடும். ஒரு புள்ளிக்கு அவ்வளவு பணம்!

பணம் இருக்கும் இடத்தில் கத்தரிக்கோலும் வரும். மூலை தேய்ந்த அட்டையின் ஓரத்தைச் சுற்றிவர ஒரு மயிரிழை வெட்டிவிட்டால், மூலைகள் நான்கும் புதிதாகிவிடும். தொழிற்சாலையிலேயே அட்டைகள் ஒரே அளவாக வெட்டப்படவில்லை. அதனால் அடிமட்டம் வைத்து அளந்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வெட்டிய ஓரத்தின் நிறத்தையும் நாரையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூறு வருடம் காற்றுப்பட்ட ஓரம் மங்கியிருக்கும். நேற்று வெட்டிய ஓரம் வெளிறியிருக்கும். அப்படி வெட்டியது என்று தெரிந்தால் அந்த அட்டைக்கு இலக்கப் புள்ளி இல்லை என்பது விதி.

*முதலாவது அட்டை*

இப்போது அந்தப் பிரபலமான அட்டைக்கு வருவோம். 1985 இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி ஒரு வாக்னர் அட்டையை 25,000 டொலருக்கு வாங்கினார். 1987 இல் 110,000 டொலருக்கு விற்றார். 1991 இல் சொத்பீஸ் ஏலத்தில் ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது பங்காளியும் அதை 451,000 டொலருக்கு எடுத்தார்கள். புதிதாகத் தொடங்கிய பீ.எஸ்.ஏ. நிறுவனத்தின் முதலாவது சான்றிதழ் அந்த அட்டைக்கே கிடைத்தது. போட்ட புள்ளி எட்டு. அத்தனை வாக்னர் அட்டைகளிலும் அதற்குத்தான் உயர்ந்த புள்ளி.

பின்னர் வோல்மார்ட் கடைகளின் பரிசுப் போட்டிக்காக அது வாங்கப்பட்டது. 1996 இல் புளோரிடாவில் தபால் திணைக்களத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குப் பரிசு விழுந்தது. பரிசுக்குரிய வரியைக் கட்ட அவருக்கு வசதி இல்லை. அதே வருடம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். 641,500 டொலருக்குப் போனது. 2000 இல் 12 இலட்சத்து 65 ஆயிரம். 2007 இல் முதலில் 23 இலட்சத்து 50 ஆயிரம், சில மாதங்களில் 28 இலட்சம் டொலர்.

கைமாறிய ஒவ்வொரு முறையும் வாங்கியவர் நம்பியது அந்த எட்டு என்ற இலக்கத்தை. அட்டையின் ஓரங்கள் வெட்டப்பட்டவை என்ற பேச்சு சேகரிப்பாளர்களிடையே ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் உறையில் எட்டு என்று எழுதியிருக்கிறதே! 2013 ஒக்டோபரில் மாஸ்ட்ரோ சிக்காகோ நீதிமன்றத்தில் தபால் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தன் ஏலங்களில் விலையை ஏற்றப் பொய்க் கேள்விகள் கேட்க வைத்ததோடு, அந்த வாக்னர் அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டியதும் அவர் ஒப்புக்கொண்டவற்றில் அடங்கும். 2015 இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

உலகத்திலேயே பெயர் போன அட்டை. அதன் பெயர் போன எட்டுப் புள்ளி. கிடைத்திருக்கக் கூடாத புள்ளி அது.

*குறையைச் சொல்லி விற்ற அட்டை*

இதே காலத்தில் இன்னொரு வாக்னர் அட்டையும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் போல்டிமோர் நகரில் உள்ள கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையொன்றுக்கு, காலமான ஒரு சகோதரியின் அண்ணனோ தம்பியோ தன் சொத்துக்களோடு அதையும் எழுதி வைத்திருந்தார். 1936 முதல் அவரிடம் இருந்த அட்டை. மூன்று பக்கத்து வெள்ளை ஓரத்தையும் யாரோ வெட்டியிருந்தார்கள். மடிப்பு விழுந்திருந்தது. போதாததற்கு லெமினேற்றும் செய்திருந்தார்கள். புள்ளி போடுகிறவர்கள் வெறுக்கும் குறைகள் எல்லாம் அதில் இருந்தன.

சகோதரிகள் எதையும் மறைக்கவில்லை. உள்ளது உள்ளபடி சொல்லி 2010 இல் ஏலத்துக்குக் கொடுத்தார்கள். ஏலத்தில் கேட்டவர் பணம் கட்டத் தவறினார். பின்னர் ஒரு வைத்தியர் 220,000 டொலர் கொடுத்து வாங்கினார். பணம் பல நாடுகளில் ஏழைகளுக்குச் செய்யும் பணிக்குப் போனது. 2022 இல் இரண்டாகக் கிழிந்த வாக்னர் அட்டையின் பாதித் துண்டு ஒன்று ஏறத்தாழ 476,000 டொலருக்கு விற்கப்பட்டது. நாம் ஆரம்பத்தில் சொன்ன 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் அட்டைக்குக் கிடைத்த புள்ளி எவ்வளவு தெரியுமா? பத்துக்கு இரண்டு.

இரண்டு அட்டையும் வெட்டிய அட்டைகள்தான். ஒன்றின் வெட்டு எல்லோருக்கும் தெரிந்தது, வாங்கியவர் தெரிந்துகொண்டே வாங்கினார். மற்றதன் வெட்டு மறைக்கப்பட்டது, வாங்கிய ஒவ்வொருவரும் ஏமாந்தார்கள். குற்றம் கத்தரிக்கோலில் மட்டும் இல்லை, மறைத்ததில்தான் பெரிய பங்கு. பொருளின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்பது நமக்குச் சின்ன வயதிலேயே ஓதித்தந்த பாடம்.

*நமக்கு என்ன?*

ஆசிரியர்களாகிய எங்களுக்குப் புள்ளி போடுவது அன்றாட வேலை. ஒரு விடைத்தாளில் 75 என்று எழுதும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? இந்தப் பிள்ளையின் தாளை வாசித்தேன், எனக்குத் தெரிந்த அளவில் இதுதான் நிலை என்று சாட்சி சொல்கிறோம். அதற்குமேல் அந்த இலக்கத்துக்குச் சக்தி இல்லை. தாளை வாசிக்காமல் போட்ட புள்ளியும் ஆளைப் பார்த்துப் போட்ட புள்ளியும் பொய்ச் சாட்சி. அட்டைக்குப் போடும் புள்ளியும் அப்படித்தான். உறை எவ்வளவு தடித்ததாக இருந்தாலும், உள்ளே இருப்பது ஒரு மனிதர் பார்த்துச் சொன்ன சாட்சி. அது உண்மையாக இருக்கும்வரைக்கும்தான் அதற்குப் பெறுமதி.

ஆகவே உறவுகளே, வீட்டில் பழைய நாணயமோ முத்திரையோ கடிதமோ இருந்தால் சில விசயங்களைக் கவனத்தில் வையுங்கள். அழுக்கு என்று நினைத்துக் கழுவவோ தேய்க்கவோ ஓரம் வெட்டவோ லெமினேற் செய்யவோ வேண்டாம். அழகாக்குகிறோம் என்று செய்வது பெரும்பாலும் பெறுமதியைக் கெடுக்கும். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். பழையது என்பதால் மட்டும் எதுவும் விலை போகாது, அபூர்வமாகவும் இருக்க வேண்டும். முகம் தெரியாத யாராவது இலட்சக்கணக்கில் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்றால் அந்த இலக்கத்தை அழித்துவிடுங்கள். யாராவது சான்றிதழ் காட்டினால் சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள், பொருளையும் பாருங்கள், கொண்டு வந்தவரையும் பாருங்கள்.

வாக்னர் தன் பெயரை விற்க மறுத்தார். பர்டிக் தன் சேகரிப்பை விற்க மறுத்தார். அருட்சகோதரிகள் குறையைச் சொல்லி விற்றார்கள். இந்த மூன்று தரப்பும் இல்லாமல் அந்த எட்டுப் புள்ளி மட்டும் இருந்திருந்தால், இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்க மனம் வந்திருக்காது.

 பிரயோசனமாக இருந்தால் பகிருங்கள்.